இணையம் நெரிசலைச் சுற்றிப் போவதில்லை: ரவுட்டிங்கும் டிராஃபிக் மேனேஜ்மென்ட்டும்

இணையத்தைப் பற்றி நெடுநாளாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஒரு பாதை அடைத்துக்கொண்டால் தகவல் தானாகவே வேறு பாதை பிடித்துப் போய்விடும் என்பது அது. இதில் பாதிதான் உண்மை. கேபிள் அறுந்தால் வேறு வழி தேடும், சரி. கேபிள் நன்றாகவே இருக்கிறது, அதில் கூட்டம்தான் தாங்கவில்லை என்றால்? தகவலை வழிகாட்டி அனுப்பும் பெட்டிகளான ரவுட்டர்களில் பெரும்பாலானவை அதைக் கண்டுகொள்வதே இல்லை. தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகத்தான் போகும். அடுத்து வரும் பாக்கெட்டையும் அதே இணைப்பில்தான் திணிக்கும். இடம் இல்லையென்றால் தூக்கி எறிந்துவிடும். பக்கத்திலேயே வேறொரு இணைப்பு காலியாகக் கிடந்தாலும் இதுதான் நடக்கும்.

ரவுட்டிங், டிராஃபிக் மேனேஜ்மென்ட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால்தான் இந்தக் குழப்பம். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வது ஒன்று, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்று முடிவு செய்வது இன்னொன்று. இணையத்தில் இந்த இரண்டு முடிவுகளையும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடங்களில், ஒருவரை ஒருவர் கேட்காமலேயே எடுக்கிறார்கள். முன்னொரு காலத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது.

அட்டவணையில் இருப்பது என்ன

ரவுட்டருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. உள்ளே வந்த பாக்கெட்டின் முகவரியைப் பார்த்து, அட்டவணையில் தேடி, எந்த வாசல் வழியாக வெளியே தள்ளுவது என்று தீர்மானிப்பது ஃபார்வர்டிங். பெரிய ரவுட்டர்களில் வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை நடக்கும் இந்த வேலைக்கென்றே தனி சிப் உண்டு. அந்த அட்டவணையை மற்ற ரவுட்டர்களோடு பேசித் தயாரித்து வைப்பதுதான் ரவுட்டிங். முன்னதை டேட்டா பிளேன் என்றும் பின்னதை கன்ட்ரோல் பிளேன் என்றும் சொல்வார்கள்.

அட்டவணையில் முழுப் பாதை எழுதியிருக்காது. "இந்த முகவரிக்கு அடுத்து யாரிடம் கொடுப்பது" என்பது மட்டும்தான் இருக்கும். அந்த அடுத்த ஆள்தான் நெக்ஸ்ட் ஹாப். சென்னையில் இருக்கும் ரவுட்டர், ஃபிராங்க்ஃபர்ட் போகும் பாக்கெட்டை நெக்ஸ்ட் ஹாப்பிடம் ஒப்படைத்ததோடு கையைக் கழுவிவிடும். ஏதோ குளறுபடியால் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றை ஒன்று நெக்ஸ்ட் ஹாப் என்று நம்பிக்கொண்டால், பாக்கெட் இரண்டுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். அது முடிவில்லாமல் சுற்றாமல் இருக்கத்தான் ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் பாக்கெட் சாகும். டிரேஸ்ரூட் கருவி பாதையைக் கண்டுபிடிப்பதும் இந்தச் சாவை வைத்துத்தான். டிடிஎல் 1, 2, 3 என்று வேண்டுமென்றே குறைவாக வைத்து அனுப்பி, எங்கெங்கே செத்தது என்று வரும் பதில்களை வரிசைப்படுத்துகிறது.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் கதைக்கு அது தேவை. அட்டவணையில் தனித்தனி முகவரிகள் இருப்பதில்லை, பிரிஃபிக்ஸ் எனப்படும் தொகுதிகள்தான் இருக்கின்றன. /22 என்று முடிந்தால் 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி, /24 என்றால் 256 முகவரிகள். ஒரே முகவரி பெரிய தொகுதி ஒன்றிலும் சிறிய தொகுதி ஒன்றிலும் அடங்கினால், ரவுட்டர் எப்போதும் சிறியதைத்தான் எடுத்துக்கொள்ளும். லாங்கஸ்ட் பிரிஃபிக்ஸ் மேட்ச் என்பது இதுதான். தூரம், நம்பகம், கட்டணம் எதுவும் இந்த விதிக்கு முன்னால் நிற்காது.

ஆர்பாநெட் செய்து பார்த்தது

நெரிசலைப் பார்த்து வழி மாற்றும் யோசனை புதிதல்ல. 1969-ல் தொடங்கிய, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் அப்படித்தான் இயங்கியது. அங்கே ரவுட்டர் வேலையைச் செய்தவை ஐஎம்பி என்ற பெட்டிகள். ஒவ்வொரு ஐஎம்பியும் தன் வாசல்களில் எத்தனை பாக்கெட் வரிசையில் காத்திருக்கிறது என்று எண்ணி, அதையே தாமதத்தின் அளவாக வைத்துக்கொண்டது. வினாடிக்கும் குறைவான இடைவெளியில் அண்டை ஐஎம்பிகளோடு அட்டவணையைப் பரிமாறிக்கொண்டு, எங்கே வரிசை குறைவோ அந்தப் பக்கம் அனுப்பியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

நடைமுறையில் எண்கள் சும்மா எகிறிக் குதித்தன. வரிசையின் நீளம் கணத்துக்குக் கணம் மாறக்கூடியது, ஒரு கணத்து நீளத்தை வைத்து அடுத்த கணத்தை ஊகிக்க முடியாது. அண்டை வீட்டார் சொல்வதை அப்படியே நம்பும் முறை என்பது இன்னொரு ஆபத்து. 1973 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹார்வர்டில் இருந்த ஐஎம்பியில் வன்பொருள் கோளாறு ஏற்பட்டு, எல்லா இடங்களுக்கும் தன்னிடமிருந்து தூரம் பூஜ்யம் என்று அது அறிவித்தது. மற்ற ஐஎம்பிகள் நம்பின. வலையில் போன போக்குவரத்து எல்லாம் ஹார்வர்டை நோக்கித் திரும்பியது. இப்படி உள்ளே போனது எதுவும் வெளியே வராத இடத்தைத்தான் பிளாக்ஹோல் என்கிறார்கள்.

1979-ல் முறையை மாற்றினார்கள். அண்டையாரின் கணக்கை நம்புவதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஐஎம்பியும் தன் இணைப்புகளின் தாமதத்தைப் பத்து வினாடி சராசரியாக அளந்து ஊருக்கெல்லாம் அறிவித்தது. கேட்டவை எல்லாம் வலையின் முழு வரைபடத்தையும் தாங்களே வைத்துக்கொண்டு, டைக்ஸ்ட்ராவின் குறும்பாதைக் கணக்கைப் போட்டன. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட அந்தக் கணக்கு அவருக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் இருபதே நிமிடத்தில் உதித்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

புது முறை கூட்டம் குறைவாக இருந்த நாட்களில் நன்றாகவே ஓடியது. எண்பதுகளில் வலை நிரம்பியதும் சிக்கல் தொடங்கியது. ரயில் நிலையத்தில் இரண்டு டிக்கெட் கவுன்டர். ஒன்றில் வரிசை நீளம் என்று பார்த்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மற்றதற்கு ஓடினால் என்ன ஆகும்? இப்போது அது நீளம், இது காலி. திரும்பவும் எல்லாரும் இங்கே ஓடிவருவார்கள். ஆர்பாநெட்டிலும் அதே கதைதான். நாட்டின் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே இரண்டு இணைப்புகள் இருந்தால், ஒன்று அளவுக்கு மேல் நிரம்பி இன்னொன்று வெறுமனே கிடந்தது, பத்து வினாடியில் இடம் மாறிக்கொண்டன. இரண்டும் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரத்தை எந்நேரமும் ஏதாவது ஒன்றுதான் சுமந்தது. இந்த ஊசலாட்டம் போதாதென்று, ஒவ்வொரு தடவையும் பாதையை மறுபடி கணக்கிடும் வேலை வேறு.

1987-ல் மருந்து கண்டுபிடித்தார்கள். இணைப்பில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அதன் விலை ஓர் எல்லைக்கு மேல் ஏறாது, ஒரே தடவையில் அதிகம் மாறவும் மாறாது என்று கட்டுப்படுத்தினார்கள். நெரிசலுக்குக் கொடுத்த கவனத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று அர்த்தம். குறைத்ததும் வலை நன்றாக ஓடியது. அடுத்து வந்த தலைமுறை இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் கவனத்தையே அடியோடு எடுத்துவிட்டது.

ஒரு வீட்டுக்குள்: ஓஎஸ்பிஎஃப்

ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் இன்று பரவலாக ஓடும் ரவுட்டிங் முறை ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ். இரண்டுமே 1979-ன் வாரிசுகள்: முழு வரைபடம், டைக்ஸ்ட்ரா கணக்கு. ஒரே வித்தியாசம், இணைப்பின் விலையை அளப்பதில்லை, ஆள் உட்கார்ந்து எழுதி வைக்கிறார். அதற்கு காஸ்ட் என்று பெயர். விலை எழுதாமல் விட்டால் கருவி தானே இணைப்பின் கொள்ளளவை வைத்து ஒன்றைப் போட்டுக்கொள்ளும். சிஸ்கோ கருவிகளில் பழைய வழக்கம், வினாடிக்கு 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுப்பது. 10 மெகாபிட் இணைப்புக்கு விலை 10, 100 மெகாபிட்டுக்கு 1. ஒரு கிகாபிட்டுக்கு? பத்தில் ஒன்று வர வேண்டும், ஆனால் விலை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பதால் அதுவும் 1. பத்து கிகாபிட்டும் 1. அடிப்படை எண்ணை மாற்றாமல் விட்ட நெட்வொர்க்கில் நூறு மடங்கு வித்தியாசம் உள்ள இரண்டு இணைப்புகள் ரவுட்டரின் கண்ணுக்குச் சமம்!

விலை சமமாக இருக்கும் பாதைகளில் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பலாம், இதற்கு ஈசிஎம்பி என்று பெயர். பிரிப்பதும் கூட்டத்தைப் பார்த்து அல்ல. அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளையும் போர்ட் எண்களையும் (கணினிக்குள் எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண்கள்) ஹாஷ் கணக்கில், அதாவது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் கணக்கில், போட்டு, வரும் விடைப்படி ஒரு பாதையை ஒதுக்கும். ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அந்த உரையாடல் முழுவதும் ஒரே பாதையில் போகும். நான்கு பெரிய பேக்கப் வேலைகள் ஒரே பாதையில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான்.

ஆர்ஐபி என்று ஒரு பழைய முறை உண்டு. ஹாப் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும், 15-க்கு மேல் எண்ணத் தெரியாது, 16 என்றால் முடிவிலி. பாடப்புத்தகங்கள் இதை இன்னும் விடவில்லை. அதற்கு இந்த ஒரு பத்தி போதும்.

வீட்டுக்கு வெளியே: பிஜிபி

இணையம் என்பது ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது. அப்படித் தனித்தனி நிர்வாகத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு அட்டானமஸ் சிஸ்டம், சுருக்கமாக ஏஎஸ். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: கூகுளுக்கு 15169, கிளவுட்ஃபிளேருக்கு 13335. இவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறை பிஜிபி. 1989-ல் கர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் மதிய உணவு வேளையில் நாப்கின் தாள்களில் இதன் முதல் வரைவைக் கிறுக்கினார்கள். இன்று ஓடும் நான்காம் பதிப்பு 1990-களின் நடுவில் வந்தது.

பிஜிபி அறிவிப்பு மிக எளிமையானது. "இந்த பிரிஃபிக்ஸ் என் வழியாகக் கிடைக்கும், பாதையில் இன்னின்ன ஏஎஸ்-கள் வரும்." அவ்வளவுதான். அதில் வேகம் இல்லை, தாமதம் இல்லை, கொள்ளளவு இல்லை, நெரிசல் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே பிரிஃபிக்ஸுக்கு நான்கு பேரிடமிருந்து அறிவிப்பு வந்தால் ரவுட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு "பெஸ்ட் பாத்" என்று பெயர் சூட்டும். எதில் பெஸ்ட் என்பதுதான் கேள்வி.

முதலில் பார்ப்பது லோக்கல் ப்ரிஃபரன்ஸ் என்ற எண். அதை எழுதுபவர் அந்த நெட்வொர்க்கின் நிர்வாகி, எழுதுவதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். நெட்வொர்க்குகளுக்கு நடுவே உறவு மூன்று வகை. எனக்குப் பணம் கொடுப்பவர் கஸ்டமர். காசு பேசாமல் அவரவர் வாடிக்கையாளர் போக்குவரத்தை மட்டும் பரிமாறிக்கொள்ளும் சமமானவர் பியர். உலகத்தின் மற்ற இடங்களுக்கெல்லாம் வழிவிட நான் பணம் கொடுக்க வேண்டியவர் டிரான்சிட். ஒரே இடத்துக்கு மூன்று பேர் வழியாகவும் போகலாம் என்றால் கஸ்டமர் வழிக்கு முதலிடம், அடுத்து பியர், கடைசியில்தான் டிரான்சிட். டிரான்சிட் பாதை பாதி நேரத்தில் போய்ச் சேரக்கூடியதாக இருந்தாலும் அது கடைசிதான்.

லோக்கல் ப்ரிஃபரன்ஸ் சமமாக இருந்தால் பாதையில் உள்ள ஏஎஸ்-களின் எண்ணிக்கையைப் பார்க்கும். இதுவும் தூரத்தின் அளவு அல்ல. கண்டம் விட்டுக் கண்டம் பரவிய ஒரு நெட்வொர்க்கும் ஒரு ஊருக்குள் அடங்கிய நெட்வொர்க்கும் இங்கே ஒன்று என்றுதான் எண்ணப்படும். தன்னிடம் ஒரு வழியாகப் போக்குவரத்து குறைவாக வர வேண்டும் என்று நினைப்பவர், அந்த வழியில் அறிவிக்கும்போது தன் ஏஎஸ் எண்ணையே மூன்று நான்கு தடவை எழுதிப் பாதையை நீளமாகக் காட்டுவார். ப்ரிபெண்டிங் என்ற இந்தத் தந்திரத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதுவும் சமமானால், இன்னும் சில படிகளுக்குப் பிறகு, தன் நெட்வொர்க்கிலிருந்து எந்த வாசல் பக்கமோ அதன் வழியாக வெளியே தள்ளும். அடுத்தவர் நெட்வொர்க்கில் அது எவ்வளவு தூரம் சுமக்கப்பட வேண்டும் என்பது அடுத்தவர் கவலை. ஹாட் பொட்டேட்டோ ரவுட்டிங் என்று இதற்குப் பெயர். போகும் பாதையும் வரும் பாதையும் பெரும்பாலும் வேறு வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணமும் உறவும்தான் பாதையைத் தீர்மானிக்கின்றன என்பதை இந்தியா நேரடியாகவே பார்த்திருக்கிறது. ஒரே ஊரில் உள்ள இரண்டு இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் இணைப்பு வைத்துக்கொள்ளாவிட்டால், அவர்களுடைய பாக்கெட்டுகள் இருவருக்கும் பொதுவான டிரான்சிட் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். அது சிங்கப்பூராகவும் இருக்கலாம், அமெரிக்காவாகவும் இருக்கலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-ல் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் கேள்வி சிங்கப்பூர் போய் வர 32 மில்லிவினாடி, பதில் அதே மாதிரி வர இன்னொரு 32. இந்தச் சுற்றலைக் குறைக்கத்தான் 2003-ல் நிக்ஸி என்ற பொது இணைப்பு மையத்தை அமைத்தார்கள். சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே கைமாற்றிக்கொள்வதுதான் அதன் வேலை.

நம்பிக்கையின் விலை

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடைசெய்யச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நெட்வொர்க்குக்குள் 208.65.153.0/24 என்ற பிரிஃபிக்ஸைப் பிளாக்ஹோலுக்குத் திருப்பிவிட்டது. உள்ளூரில் அடங்கியிருக்க வேண்டிய அந்த வழி, அவர்களுடைய டிரான்சிட் நிறுவனமான பிசிசிடபிள்யூவுக்குப் போனது. அந்த நிறுவனம் வடிகட்டாமல் உலகத்துக்கே அறிவித்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 208.65.152.0/22. சிறிய தொகுதி வெல்லும் என்ற விதி நினைவிருக்கிறதா? உலகப் பொது நேரம் 18:47-க்குப் பிறகு, யூடியூப் தேடிய உலகத்தின் பெரும்பகுதி பாகிஸ்தானை நோக்கிப் போய்க் காணாமல் போனது.

யூடியூப் பொறியாளர்கள் 20:07-க்கு அதே /24-ஐத் தாங்களும் அறிவித்தார்கள். இப்போது இரண்டும் சம அளவு, பாதை குறைவானவர் வெல்வார் என்ற நிலை. பத்து நிமிடம் கழித்து அதை இரண்டு /25-களாக உடைத்து அறிவித்ததும் நிலைமை ஓரளவு சீரானது. 21:01-க்கு பிசிசிடபிள்யூ தவறான வழியைத் துண்டித்தது. இதை ஹைஜாக் என்று பலர் எழுதினார்கள். இதில் திருட்டு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. 1973-ல் ஹார்வர்ட் பெட்டியை நம்பிய அதே நம்பிக்கைதான், அளவு மட்டும் பெரிது.

ஹைஜாக்குக்கு அண்ணன் தம்பி முறையில் வருவது ரவுட் லீக். அடுத்தவர் பிரிஃபிக்ஸைத் தன்னுடையது என்று சொன்னால் ஹைஜாக். அது உண்மையான சொந்தக்காரருக்கே போகும், ஆனால் வழியில் இருக்கக் கூடாத ஒருவர் வழியாகப் போகிறது என்றால் லீக். 2019 ஜூன் 24-ல் நடந்தது அதுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய சேவை நிறுவனம், போக்குவரத்தைத் தன் இணைப்புகளுக்கு நடுவே சமாளித்துப் பங்கிட "பிஜிபி ஆப்டிமைசர்" கருவி ஒன்றை வைத்திருந்தது. பிரிஃபிக்ஸ்களைத் துண்டு துண்டாக உடைத்து, இந்தத் துண்டு இந்தப் பக்கம், அந்தத் துண்டு அந்தப் பக்கம் என்று திருப்புவது அதன் வழி. உடைத்த துண்டுகள் ஒரு வாடிக்கையாளர் வழியாக அமெரிக்கப் பெருநிறுவனமான வெரைசனுக்குக் கசிந்தன, வெரைசன் உலகுக்கு அறிவித்தது. சிறிய தொகுதி வென்றது. கிளவுட்ஃபிளேர் உள்ளிட்ட பெரிய நெட்வொர்க்குகளுக்குப் போக வேண்டிய போக்குவரத்து, தாங்கவே முடியாத ஒரு சின்ன இணைப்பில் போய் விழுந்தது. நெரிசலைப் பார்க்காத பிஜிபிக்கு நெரிசலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் போய் வந்த விபத்து என்று இதைச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் தடுப்பாக இன்று பரவிவருவது ஆர்பிகேஐ. ஒரு பிரிஃபிக்ஸை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம், எந்த அளவு வரை உடைக்கலாம் என்று சொந்தக்காரர் கையெழுத்திட்டுப் பதிந்து வைப்பார், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். 2024-ல் ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையின் வழிகளில் பாதிக்கு மேல் இப்படிப் பதியப்பட்டுவிட்டன. ஆனால் பதிவில் இருப்பது பாதை தொடங்கும் இடம் மட்டும்தான். நடுவில் யார் யார் வருகிறார்கள் என்று அது பார்க்காது, ஆகவே லீக்குகள் பல இன்னும் தப்பிவிடும்.

அப்படியானால் நெரிசலை யார் பார்க்கிறார்கள்?

2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே எஸ்எம்டபிள்யூ4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் மேற்குப் பக்க வழி பெருமளவு அடைபட்டது. அறுந்ததை பிஜிபி கவனித்து, மிச்சமிருந்த வழிகளுக்கு மாறிக்கொண்டது. அந்த மிச்ச வழிகள் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்பது அதற்குத் தெரியாத விஷயம். இணைப்பு இருந்தும் பல நாள் இணையம் ஊர்ந்தது அதனால்தான். ஊர்ந்தாலும் அடியோடு நின்றுபோகாமல் இருந்ததற்கு வேறொருவர் காரணம்: உங்கள் கணினியில் ஓடி, பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்த்து அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறை.

1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கெஜம் இடைவெளியில், வினாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை. பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பு என்பதுதான் டிசிபியின் அன்றைய விதி. நெரிசலால் தொலைந்தவற்றை எல்லாரும் திரும்ப அனுப்ப, நெரிசல் கூடியது, இன்னும் தொலைந்தன, இன்னும் அனுப்பினார்கள். இந்தக் கஞ்செஷன் கொலாப்ஸ் வரும் என்று ஜான் நேகிள் 1984-லேயே எச்சரித்திருந்தார்.

அதே ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சனும், பெர்க்லியின் மைக் கேரல்ஸும் கண்ட தீர்வு 1988-ல் வெளியானது. பாக்கெட் தொலைவதை "திரும்ப அனுப்பு" என்று மட்டும் புரிந்துகொள்ளாதே, "வேகத்தைக் குறை" என்றும் புரிந்துகொள் என்பதுதான் சாரம். எத்தனை பாக்கெட்டுகளைப் பதிலுக்குக் காத்திராமல் அனுப்பலாம் என்ற அளவு கஞ்செஷன் விண்டோ. முதலில் கொஞ்சமாகத் தொடங்கி, பதில் வர வர இரட்டிப்பாக்கு. இதற்குப் பெயர் ஸ்லோ ஸ்டார்ட், உண்மையில் மிக வேகமாக ஏறும். தொலைந்தால் விண்டோவைப் பாதியாக்கு, பிறகு ஒவ்வொன்றாக மெல்ல ஏற்று. வலைக்குள் இருக்கும் ரவுட்டர் எதையும் சொல்ல வேண்டாம், பாக்கெட்டைக் கீழே போட்டால் போதும். லினக்ஸில் வழக்கமாக ஓடும் க்யூபிக் என்ற டிசிபி முறை இந்த வம்சம்தான். பாதையை ஒருவரும் மாற்றவில்லை. அனுப்பும் வேகத்தை லட்சக்கணக்கான கணினிகள் தாங்களாகவே குறைத்துக்கொண்டன.

இதிலும் ஒரு வினோதம் முளைத்தது. பாக்கெட் தொலைவது கெட்டது என்று நினைத்த கருவி தயாரிப்பாளர்கள், நினைவகம் மலிவானதும் ரவுட்டர்களிலும் மோடம்களிலும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடமான பஃபர்களைப் பெரிது பெரிதாக வைத்தார்கள். பஃபர் நிரம்பும் வரை எதுவும் தொலையாது. தொலையாததால் டிசிபிக்கு நெரிசல் தெரியாது, மேலும் மேலும் அனுப்பும். வினாடிக்கு 1 மெகாபிட் அப்லோட் இணைப்பில் 250 கிலோபைட் பஃபர் நிறைந்திருந்தால், புதிதாக வரும் பாக்கெட் வெளியேற 2 வினாடி காக்க வேண்டும். வீட்டில் ஒருவர் வீடியோவை மேலேற்றினால் அடுத்த அறையில் வீடியோ கால் திக்குவது இதனால்தான். ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் கோடெல் முறையைக் கொண்டுவந்தார்கள்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார், தொடர்ந்து அதிகமானால் ஒன்றைக் கீழே போடு. 2016-ல் கூகுள் வெளியிட்ட பிபிஆர், தொலைவதற்குக் காத்திராமல் பாதையின் கொள்ளளவையும் குறைந்தபட்சத் தாமதத்தையும் தானே மதிப்பிட்டு அதற்கேற்ப அனுப்புகிறது.

என்னைக் கேட்டால், வேகச் சோதனைச் செயலிகள் காட்டும் பெரிய எண்ணைவிட, வீட்டு இணைப்பு முழுப் பாரத்தில் இருக்கும்போது பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்ப் பதில் வரும் நேரம், எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நிறுவனங்கள் கையால் செய்வது

சேவை நிறுவனத்தின் மொழியில் டிராஃபிக் மேனேஜ்மென்ட் என்பது வரிசைகளை ஆள்வது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வருவதைப் பஃபரில் நிறுத்தி நிதானமாக விட்டால் ஷேப்பிங், அங்கேயே வெட்டி எறிந்தால் போலீஸிங். அன்றைய டேட்டா தீர்ந்ததும் மொபைல் இணையம் வினாடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்குவது இந்த வகை ஏற்பாட்டால்தான். எந்த பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று குறிக்க ஐபி தலைப்பில் டிஎஸ்சிபி என்ற 6 பிட் இடம் இருக்கிறது. குரல் அழைப்புக்கு வழக்கமாக 46 என்று குறிப்பார்கள். அலுவலக நெட்வொர்க்குக்குள் இதற்கு மதிப்பு உண்டு, பொது இணையத்துக்குள் போனதும் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. எந்தத் தளம் என்பதைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றும் யோசனைக்கு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியிலேயே தடை போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அத்தோடு இங்கே மூட்டை கட்டியது.

பாதையையும் பாரத்தையும் சேர்த்துப் பார்ப்பதைத் தொழில்முறையில் டிராஃபிக் இன்ஜினியரிங் என்பார்கள். எம்பிஎல்எஸ் என்ற முறையில் பாக்கெட்டின் மேல் ஒரு லேபிளை ஒட்டி, முன்கூட்டியே ஒதுக்கிய பாதையில் அனுப்புவது இதன் பழைய வடிவம். கூகுள் தன் தரவு மையங்களுக்கு நடுவே ஓடும் பி4 நெட்வொர்க்கைப் பற்றி 2013-ல் எழுதிய கட்டுரையில், பல இணைப்புகளை நூறு சதவீதத்துக்கு மிக அருகே ஓட்டுவதாகச் சொன்னது. ஆர்பாநெட்டால் முடியாதது இங்கே எப்படி முடிந்தது? ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக முடிவெடுக்கவில்லை, மேலே ஒரு மையக் கட்டுப்பாட்டு மென்பொருள் முழுப் படத்தையும் பார்த்துப் பங்கிடுகிறது. அதைவிட முக்கியம், இரண்டு முனையும் நடுவே உள்ள கேபிளும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். எந்த வேலை காத்திருக்கலாம், எது காத்திருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பொது இணையத்தில் அந்த வசதி கிடையாது என்பதால் பெரிய தளங்கள் வேறு வழி கண்டன. பாக்கெட் போகும் பாதையை மாற்ற முடியாவிட்டால் போக வேண்டிய இடத்தையே பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் சேமிப்புப் பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைக்கின்றன. ஒரு பெயருக்கு எந்த முகவரியைப் பதிலாகக் கொடுப்பது என்பதை, தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் மாற்றி, ஓரிடத்தில் கூட்டம் சேர்ந்தால் அடுத்து வருபவரை வேறிடத்துக்கு அனுப்புகின்றன. 2023 நவம்பர் 19-ல் இந்தியா-ஆஸ்திரேலியா உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை வீடியோவும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் எந்த பிஜிபியும் காப்பாற்றியிருக்காது. ஊருக்கு ஊர் வைத்த பெட்டிகளிலிருந்து அது கிளம்பியது.